வேலி ஓரத்து வெப்பாலையும் அங்கன்வாடிப் பிள்ளைகளும்



நிலக்கடலைக்கு ஜிப்சம் இடுவதைப் பற்றித்தான் பேசப் போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். இன்று அது இல்லை. உங்கள் வேலியில் சும்மா நிற்கிற ஒரு மரத்தைப் பற்றியும், அதைக் கொண்டு ஊர் அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குச் செய்து தரக்கூடிய விளையாட்டுச் சாமான்களைப் பற்றியும் சொல்லப் போகிறேன்.

1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியதிலிருந்து அங்கன்வாடிகளில் சத்துணவு கிடைக்கிறது, எடை பார்க்கிறார்கள், தடுப்பூசிக்கு வழி செய்கிறார்கள். நம் செஞ்சிப் பக்கத்தில் கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் போகிற தாய்மார்கள் பிள்ளையை அங்கேதான் விட்டுவிட்டுப் போகிறார்கள். சோற்றுக்குக் குறையில்லை. விளையாடத்தான் சாமான் போதவில்லை. வாங்கிப் போட்ட பிளாஸ்டிக் பொம்மை வெயிலில் காய்ந்து விரிந்து, அதன் முனை கையைக் கிழிக்கிறது. பிடிப்பது, தள்ளுவது, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது, இதிலேதான் பிள்ளையின் விரலும் கண்ணும் சேர்ந்து வேலை செய்யப் பழகுகின்றன. நாளைக்குப் பென்சில் பிடிக்கப் போவதும் அந்த விரல்தானே!

இனி மரத்துக்கு வருவோம். வெப்பாலை, வெட்பாலை, சில ஊரில் வெறும் பாலை என்பார்கள். இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதாவாக மாறும். தோல் நோய்க்குத் தடவுவார்கள். அந்த மரம்தான். கட்டை தந்தம் போல வெளுப்பு, இழை நெருக்கம், சிம்பு எழும்பாது, கடைசலுக்கு அருமையாக வளைந்து கொடுக்கும். கர்நாடகத்தில் பெங்களூர் - மைசூர் சாலையில் உள்ள சென்னபட்டணத்தின் பேர்பெற்ற பொம்மைகள் இந்த மரத்தில்தான் செய்யப்பட்டு வந்தன. ஆந்திராவில் ஏட்டிகொப்பாகா என்ற ஊரிலும் இதே மரம்தான். அங்கே பிழைப்புக்கு உதவுகிற மரம் நம் ஊரில் அடுப்புக்குப் போகிறது. 2024 நவம்பர் 30-ல் கரையைக் கடந்த பெஞ்சல் புயலில் சாய்ந்த எத்தனையோ நல்ல மரம் விறகாய்ப் போனதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வெப்பாலையும் அரளியும் ஒரே குடும்பம். இரண்டிலும் பால் வடியும். அரளிக்கு இலை, பட்டை, கட்டை எல்லாமே விஷம். பிள்ளைகள் எதையும் வாயில் வைப்பார்கள் என்பதால் மரம் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் காட்டி உறுதி செய்துகொண்ட பிறகே அரிவாளை எடுங்கள். வெப்பாலைக்கு வெள்ளைப் பூ, இரட்டை இரட்டையாகத் தொங்கும் நீண்ட மெல்லிய காய். சந்தேகம் இருந்தால் அந்த மரமே வேண்டாம், பூவரசு போதும்.

இன்னொன்று, கோட்டை மலைப் பக்கமோ காப்புக் காட்டிலோ கை வைக்காதீர்கள். சொந்த வேலி, சொந்த வரப்பு மட்டும். அதற்கும் கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. அடியோடு வெட்ட வேண்டியதில்லை. கிளையைக் கழித்தால் மறுபடி நன்றாகத் துளிர்க்கும்.

வெட்டிய அன்றே பட்டையை உரித்துவிடுங்கள். ஈரத்தோடு குவித்துப் போட்டால் நீலக்கறை பிடிக்கும். வெட்டு முனையில் சாணம் மெழுகி, நிழலில், காற்று ஊடாடும்படி இடைவெளி விட்டு அடுக்குங்கள். கைப்பருமன் கட்டை காய இரண்டு மூன்று மாதம் ஆகும். காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? ஒரு கட்டையை வாரம் ஒருமுறை தராசில் வையுங்கள். எடை குறைவது நின்றுவிட்டால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். கரையானுக்குப் பயந்து குளோர்பைரிபாஸ் ஊற்றி வைத்த கட்டையும், பூச்சி மருந்து வந்த பெட்டிப் பலகையும் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது.

என்ன செய்யலாம்? கட்டில் கால் கடைகிற பட்டறையில் கொடுத்தால் கிலுகிலுப்பை, வளையம், சொப்பு எல்லாம் கடைந்து தருவார்கள். வீட்டிலேயே வாளும் உப்புத்தாளும் இருந்தால் அடுக்குக் கட்டை செய்யலாம். ஆனால் எனக்குக் கேட்டால் முதலில் செய்ய வேண்டியது நடைவண்டி. கைப்பிடி ஒன்றரை அடி உயரம் இருந்தால் ஒரு வயதுப் பிள்ளைக்குச் சரியாக இருக்கும். பின் சக்கரம் இரண்டுக்கும் நடுவே பிள்ளையின் கால் இடறாதபடி அகலம் விடுங்கள். அடிக்கட்டையும் சக்கரமும் வேல மரத்தில் இருக்கட்டும். அடி கனமாக இருந்தால்தான் வண்டி குடை சாயாது. சக்கரம் வழுக்கிக்கொண்டு ஓடினால் பிள்ளை முகம் குப்புற விழும், ஆகவே அச்சு கொஞ்சம் இறுக்கமாகவே இருக்க வேண்டும். இரும்பு ஆணி வேண்டாம், மர ஆணி அடியுங்கள்.

வண்ணம்தான் பெரிய விஷயம். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்கு அடித்து மிச்சமான பெயிண்ட் எல்லார் வீட்டிலும் கிடக்கும். அதை எடுத்துப் பூசிவிடாதீர்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். ஈயம் பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், கெட்டது திரும்பாது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்த விதி சொல்கிறது. அதற்கு முந்தின டப்பாவுக்கு யார் உத்தரவாதம்? சென்னபட்டணத்தில் அரக்கில் நிறம் சேர்த்துக் குச்சியாக்கி, கடைசலில் சுழலும் பொம்மைமேல் அழுத்துவார்கள். உராய்வுச் சூட்டில் அரக்கு இளகிப் படியும். தாழை ஓலையால் தேய்த்து மினுக்குவார்கள். கொம்பரக்கு நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். அந்த வசதி இல்லையென்றால் நன்றாக இழைத்துத் தேன்மெழுகு தேய்த்துவிடுங்கள். வெள்ளை மரம் வெள்ளையாகவே அழகுதான். எல்லாவற்றுக்கும் சிவப்பு அடித்தாக வேண்டும் என்ற ஆசை பெரியவர்களுக்குத்தான், பிள்ளைக்கு இல்லை.

அளவைச் சோதிக்க ஒரு சுலப வழி சொல்கிறேன். பம்புசெட்டில் மிச்சமான ஒன்றேகால் அங்குல பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் நுழைகிற எந்தச் சாமானையும் மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையிடம் கொடுக்கக் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கிலுகிலுப்பையை ஓங்கித் தரையில் பத்து முறை போட்டுப் பாருங்கள். உள்ளே இருக்கும் மணி வெளியே வந்தால் அது அடுப்புக்கு.

விற்கலாமா என்று சிலர் கேட்பீர்கள். 2021 ஜனவரி 1 முதல் விற்பனைக்கு வரும் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். கைவினைப் பொருள் மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்களுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் விலக்கு உண்டு. விற்க நினைப்பவர்கள் அதை விசாரித்துக்கொண்டு இறங்குங்கள்.

அறுபது சாமானைக் கொண்டுபோய்க் கொட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு வருவதைவிட ஆறு நல்ல சாமான் போதும். கொடுக்கும்போது அங்கன்வாடி அம்மாவிடம் பட்டறை எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டு வாருங்கள். சக்கரம் ஆடினாலோ சிம்பு எழும்பினாலோ மூலையில் போட்டுவிடாமல் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். ஒரு மர ஆணி மாற்ற அரை மணி நேரம்கூட ஆகாது.