தையலில்லாத அங்கி



அமெரிக்காவில் கிறிஸ்தவ நண்பர்கள் சிலர் முதலீடு திரட்டி, சூதாட்ட விடுதிகளில் 'பிளாக்ஜாக்' சீட்டாடக் குழு அமைத்தார்கள். 2011-இல் வெளிவந்த 'ஹோலி ரோலர்ஸ்' ஆவணப்படம் அவர்களைப் பற்றியது. இறங்கிவிட்ட சீட்டுகளை மனத்தில் கணக்கிட்டு, பெரிய சீட்டுகள் மிகுதியாக மீந்திருக்கும்போது பந்தயத்தை உயர்த்துவார்கள். அது மனக்கணக்கு, அங்கே சட்டவிரோதம் அல்ல.

அப்படியானால் நாமும் நண்பர்களாகச் சேர்ந்து ஆடலாமா? அங்கே தோற்பது விடுதி. நம் தெருவில் பணம் வைத்து ஆடும் ரம்மியில் தோற்பது பக்கத்து வீட்டு அரிசிப் பணம். சீட்டாட்டம் தன்னிலே அநீதி அல்ல. பிறர் வாழ்வுக்குத் தேவையானதைப் பறிக்கும்போது அதை ஏற்க முடியாது என்று திருச்சபையின் மறைக்கல்வி (எண் 2413) கற்பிக்கிறது. இணையவழிப் பணச் சூதாட்டங்களை 2025-இல் நாடாளுமன்றமும் தடைசெய்தது.

சிலுவையடியில் நின்ற படைவீரர் நால்வரும் ஒரு குழுதான். மேலிருந்து கீழ்வரை தையலின்றி நெய்த இயேசுவின் அங்கிக்காகச் சீட்டுக் குலுக்கினார்கள் (யோவான் 19:23-24). தறியோசை கேட்டு வளர்ந்த செல்லூர்க்காரர்களான நமக்கு, ஒரு துணிக்குப் பின்னால் எத்தனை நாள் உழைப்பு என்பது தெரியும். மேலே உயிர் பிரிகிறது. கீழே ஆட்டம் நடக்கிறது.

இந்த வாரம் நண்பர்கள் கூடும்போது, சீட்டுக் கடனில் தவிக்கும் ஒருவரைத் தேடிப் போவோம். அவருடைய வீட்டு அடுப்பு எரிய நாம் கைகோப்போம்.

மன்றாடுவோம்: ஆண்டவரே, எங்கள் நட்பு யாரையும் வெறுங்கையாய் அனுப்பாதிருக்கச் செய்தருளும். ஆமென்.