மூட்டுவாத நோயாளரும் விருந்து மதுவும்

திருக்குறளின் அதிகார வரிசையை நோக்குவோர் ஒன்றைக் கவனித்திருக்கலாம். 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. 95ஆம் அதிகாரம் மருந்து. இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பது சூது. இவ்வரிசைக்குப் புதுப்பொருள் கற்பிக்க நான் முன்வரவில்லை. ஆயினும், மருந்தையும் மதுவையும் ஒருங்கே உட்கொள்ளும் ஒருவர், தாம் அறியாமலே நடுவிலுள்ள அதிகாரத்துக்குள் நுழைந்துவிடுகிறார் என்பதை எடுத்துக் கூறவே இன்று உங்கள்முன் வந்துள்ளேன்.

மதுவிலக்குப் பிரசாரம் செய்வது இப்பேச்சின் நோக்கமன்று. நாள்தோறும் குடித்து உடலையும் குடும்பத்தையும் அழித்துக்கொள்பவரைப் பற்றியும் நான் பேசப்போவதில்லை. கலியாண வீட்டிலோ, வெளிநாட்டிலிருந்து வந்த நண்பரின் வரவேற்பிலோ மட்டும் சிறிது மது அருந்துகின்ற, மற்றைய நாட்களில் தம் தொழிலைக் கவனித்து ஒழுங்காக வாழ்கின்ற ஒருவரையே மனத்தில் வைத்துப் பேசுகிறேன். அவருக்கு மூட்டுவாதம் வந்துவிட்டது. வைத்தியர் குளிசைகள் கொடுத்திருக்கிறார். இனி அவர் என்ன செய்வது?

அத்தகைய ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது ஐம்பது. காலையில் எழுந்தவுடன் விரல்கள் மடங்குவதில்லை. சட்டைப் பொத்தான் போடுவதற்கு மனைவியின் உதவி வேண்டியிருக்கிறது. முடக்குவாதம் எனப்படும் ருமட்டோயிட் மூட்டுவாதம் என்று வைத்தியர் கண்டறிந்து, மெதோட்ரெக்சேற் என்னும் மருந்தை வாரத்துக்கு ஒருமுறை எடுக்கும்படி பணித்தார். சனிக்கிழமை இரவு அவருடைய மருந்து நாள். மூன்று மாதங்களில் கைகள் இளகின; பொத்தானைத் தாமே போடத் தொடங்கினார். அப்பொழுது உறவினர் வீட்டுக் கலியாணம் ஒன்று சனிக்கிழமையில் வந்தது. "அண்ணை, ஒண்டே ஒண்டுதானே, எடுங்கோ" என்று இளையவர் ஒருவர் கிளாசை நீட்டினார். மருந்தோடு மது கூடாது என்பது அவருக்குத் தெரியும். ஆகையால் மதுவை எடுத்துக்கொண்டு, அன்றிரவு குளிசையை விட்டுவிட்டார். இருவாரத்தின்பின் இன்னொரு விருந்து; மீண்டும் குளிசை நின்றது. தாம் விவேகமாக நடந்ததாகவே அவர் நினைத்தார்.

நேயர்களே, நம்மவரிடையே காணப்படும் பெரிய தவறு இதுவேயாகும். இதன் பிழையைச் சற்று விளக்குகிறேன்.

மெதோட்ரெக்சேற் விழுங்கிய அன்றே வேலை செய்து மறுநாள் வெளியேறிவிடும் மருந்தன்று. அது உடலின் கலங்களுக்குள் புகுந்து, வாரக்கணக்காக அங்கே தங்கி நிற்பது. அதனாலேயே அதை வாரத்துக்கு ஒருமுறை மாத்திரம் எடுத்தால் போதுமாகிறது. அதனாலேயே அதன் பலன் தெரிவதற்கும் ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் வரை செல்கின்றன. எனவே ஒரு சனிக்கிழமைக் குளிசையை விடுவதனால் அன்றைய மதுவிலிருந்து ஈரல் காப்பாற்றப்படுவதில்லை. முன்னைய வாரங்களின் மருந்து உள்ளேதான் இருக்கிறது. ஆனால் அடிக்கடி குளிசை தவறும்பொழுது, மருந்தினால் அடங்கியிருந்த நோய் மெல்லத் தலையெடுக்கிறது. ஆக, அவர் அடைய விரும்பிய நன்மை கிட்டவில்லை. இருந்த நன்மையும் கழிகிறது. பொத்தான் மறுபடியும் மனைவியின் கைக்குப் போகிறது. வீங்கிய மூட்டு அரிக்கப்பட்டு உருமாறிவிட்டால், பின்னர் எத்தனை குளிசை விழுங்கினாலும் அது பழைய நிலையை அடைவதில்லை.

விட்ட குளிசையை ஈடுசெய்வதற்காக மறுவாரம் இரட்டிப்பாக எடுப்பதும், வாரக் குளிசையை நாட்குளிசையாக எடுப்பதும் இதனினும் கொடியவை. அவை உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும்.

அப்படியாயின் மெதோட்ரெக்சேற் எடுப்பவர் ஒரு துளியும் தொடலாகாதா? ஈரலுக்குத் தீங்கு செய்யவல்லன இரண்டு ஒன்றுசேருகின்றன என்பதனால், முற்றாக விலக்கும்படி நெடுங்காலமாக வைத்தியர்கள் கூறிவந்தனர். 2017ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மெதோட்ரெக்சேற் எடுத்த 11,839 முடக்குவாத நோயாளரின் குறிப்புகளை அவர்கள் ஆராய்ந்தனர். வாரத்துக்கு 14 அலகுக்குக் குறைவாக மது அருந்தியவர்களிடம், அருந்தாதவர்களைவிட ஈரற் பாதிப்பு இரத்தப் பரிசோதனையில் மிகுதியாகக் காணப்படவில்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. அருந்தும் அளவு கூடக்கூட ஆபத்தும் கூடியது.

இதைக் கேட்டவுடன் சிலர் மகிழக்கூடும். சற்றுப் பொறுங்கள். அந்த அலகு யாது? பிரித்தானியக் கணக்கில் ஓர் அலகு என்பது 8 கிராம் தூய மதுசாரம். 14 அலகு 112 கிராம். இதை நம் நாட்டுப் போத்தலில் அளந்து பார்ப்போம். 33.5 வீதத் தென்னஞ்சாராயத்தில் 50 மில்லிலீற்றர் எடுத்தால் அதில் ஏறக்குறைய 13 கிராம் மதுசாரம் உண்டு. கால் போத்தல் எனப்படும் 180 மில்லிலீற்றரில் 47 கிராமுக்கு மேல். மூன்று கால் போத்தல்கள் ஒரு வாரத்தின் எல்லையைக் கடந்துவிடும். 625 மில்லிலீற்றர் பியர்ப் போத்தலில் 4.8 வீதமாயின் ஏறக்குறைய 24 கிராம், 8.8 வீத வன்பியராயின் 43 கிராம். பியர் மென்மையானது என்று எண்ணி இரண்டு வன்பியர்ப் போத்தல்களை அருந்தியவர், கால் போத்தல் சாராயக்காரரை ஏறத்தாழ இரு மடங்காக முந்திவிட்டார். கள்ளின் வலிமையோ மரத்தால் இறக்கிய நேரத்தைப் பொறுத்து மணிக்கு மணி வேறுபடுவது. கசிப்பில் என்ன இருக்கிறது என்பதைக் காய்ச்சியவனும் அறியான்.

அன்றியும், 14 அலகு என்பது ஒரே இரவில் அருந்துவதற்கான உரிமைச் சீட்டன்று. 2016இல் பிரித்தானிய மருத்துவ அதிகாரிகள் அந்த எல்லையைக் கூறியபொழுது, அதை மூன்று நாட்களுக்கேனும் பரவலாக்க வேண்டும் என்றும் கூறினர். நம் விருந்துகளிலோ வாரம் முழுவதற்குரியது இரண்டு மணித்தியாலங்களில் முடிகிறது. நீரிழிவு, உடற்பருமன், கொழுப்பு ஈரல், ஈரல் அழற்சி ஆகியவை உள்ளோர்க்கு அந்த எல்லையும் பொருந்தாது. உலக சுகாதார நிறுவனம் 2023இல், உடல்நலத்துக்குத் தீங்கற்ற மதுவளவு என ஒன்று இல்லை என்று அறிவித்திருக்கிறது. ஆகவே அந்த ஆய்வு நமக்குக் கூறுவது, "அருந்துங்கள்" என்பதன்று, "எப்போதோ ஒருநாள் சிறிது அருந்திவிட்டால் அதற்காக அஞ்சி மருந்தை விட்டுவிடாதீர்கள், வைத்தியரிடம் மறைக்காதீர்கள்" என்பதே.

இனி மற்றைய மருந்துகளைச் சுருக்கமாக நோக்குவோம். குளிசைகள் எல்லாம் ஒரே இயல்பின அல்ல.

முழங்கால் தேய்வுக்காக டைக்குளோபினாக், இபுபுரோபன் முதலியவற்றைத் தாமாகவே கடையில் வாங்கி விழுங்குவோர் பலர். இவை வலியை எவ்வாறு தணிக்கின்றன என்பதை ஜோன் வேன் என்னும் ஆங்கில விஞ்ஞானி 1971இல் விளக்கினார். அதற்காக 1982இல் நோபல் பரிசிலும் பங்கு பெற்றார். வீக்கத்தையும் நோவையும் உண்டாக்கும் ஒரு பொருளின் உற்பத்தியை இவை தடுக்கின்றன. அந்தப் பொருளின் இனமே இரைப்பையின் உட்சுவரைக் காத்து நிற்பதும். காவலை நீக்கிய சுவரின்மேல் சாராயத்தை ஊற்றினால் புண்ணும் இரத்தக் கசிவும் உண்டாகும் ஆபத்து மிகும். மலம் தார்போலக் கறுத்தாலும், வாந்தி கோப்பித்தூள்போல வந்தாலும், விடியட்டும் என்று காத்திராமல் வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.

பரசிற்றமோல் இரைப்பைக்குச் சாதுவானது. ஆனால் ஈரலில் அது உடையும்பொழுது சிறிதளவு நச்சுப்பொருள் பிறக்கிறது. ஈரல் அதைத் தன் சேமிப்பிலுள்ள ஒரு பொருளால் அடக்கிவிடும். நெடுநாள் மிகுதியாகக் குடிப்பவரிடம் அந்த நஞ்சு மிகுதியாகப் பிறக்கும்; அடக்கும் பொருளோ குறைந்திருக்கும். 500 மில்லிகிராம் குளிசை நாளுக்கு எட்டு என்பது வளர்ந்தோர்க்குரிய உச்ச எல்லை. குடிப்பழக்கம் உள்ளவர் அந்த எல்லையை நம்பலாகாது. தமக்குரிய அளவை வைத்தியரிடமே கேட்டறிதல் வேண்டும்.

பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டெரோயிட்டுகள் நெடுநாள் எடுத்தால் எலும்பை மெலிவிக்கும். மிகுந்த மதுவும் அதையே செய்யும். இரண்டில் ஒவ்வொன்றும் தொடை எலும்பின் தலைக்குச் செல்லும் இரத்தவோட்டத்தைக் குறைத்து அதை மடியச் செய்ய வல்லது. மூட்டு நோய்க்கு மருந்து எடுப்பவர் இடுப்பு மூட்டையே இழப்பாராயின் அது எத்துணை அவலம்! அதற்காக ஸ்டெரோயிட்டைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. ட்ரமடோல், கோடீன் முதலிய கடும் நோவு மருந்துகளை எடுப்பவர் மதுவை அறவே தொடலாகாது. இரண்டும் சேர்ந்து சுவாசத்தை அடக்கிவிடக்கூடும். ஹைட்ரொக்சிகுளோரோகுயின் போன்ற சில மருந்துகளுக்கு மதுவோடு நேரடிப் பகை இல்லை. ஆனால் ஒருவர் ஒரே மருந்தை எடுப்பது அரிது.

மூட்டு நோய்களுள் மதுவாலேயே கிளர்ந்தெழுவதும் ஒன்று உண்டு. அது கவுட் எனப்படுவது. நள்ளிரவில் கால் பெருவிரல் தீப்பட்டாற்போல் எரியும். போர்வை படுவதையும் பொறுக்க இயலாது. இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுவது இதன் காரணம். மது அந்த அமிலத்தைப் பெருக்குவதோடு, சிறுநீரகம் அதை வெளியேற்றுவதையும் தடுக்கிறது. அமெரிக்காவில் 47,150 ஆண்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், பியர் அருந்துவோர்க்கே இந்நோய் வரும் ஆபத்து மிகுதி என்றும், வடித்த மதுவகைகள் அடுத்த இடத்தில் உள்ளன என்றும் கண்டனர்.

"மது மூட்டுவாதத்தைத் தடுக்கும் என்று எங்கோ படித்தேனே" என்று சிலர் வினவக்கூடும். சுவீடனிலும் டென்மார்க்கிலும் நிகழ்ந்து 2009இல் வெளியான ஆய்வில், மது அருந்துவோரிடையே முடக்குவாதம் குறைவாகக் காணப்பட்டது உண்மையே. ஆனால் நோயின் முதற் குறிகள் தோன்றியவுடன் பலர் மதுவை விட்டுவிடுகின்றனர். அவர்கள் அருந்தாதோர் கணக்கிற் சேர்ந்துவிடுவதும் இத்தகைய முடிவுக்கு இடந்தரும். அன்றியும், நோய் வருமுன் கண்ட ஒன்றை, நோய் வந்து மருந்து எடுப்பவர்க்குச் சட்டமாக்கலாகாது.

தாய்மார்களுக்கும் ஒரு சொல். முடக்குவாதம் ஆண்களைவிடப் பெண்களையே மிகுதியாகப் பற்றுவது. "நாங்கள் மது தொடுவதில்லையே" என்று நீங்கள் கூறலாம். நாட்டு வைத்தியத்தில் வழங்கும் அரிட்டங்கள் நொதிக்கவைத்துச் செய்யப்படுவன. அவற்றிலும் மதுசாரம் உண்டு. அரிட்டம் எடுப்பதாயின் அதையும் கிளினிக்கில் கூறுங்கள்.

கூறுங்கள் என்றேன். எல்லாவற்றிலும் முக்கியமானது இதுவே. "குடிப்பதுண்டா?" என்று வைத்தியர் கேட்கும்பொழுது, பக்கத்தில் மகள் நிற்கிறாள் என்று கூசி, "இல்லை" என்பவர் பலர். பின்னர் இரத்தப் பரிசோதனையில் ஈரலின் எண்கள் உயர்ந்திருந்தால், வைத்தியர் மருந்தின்மேற் பழிபோட்டு, நன்கு பயன்தந்த மருந்தையே நிறுத்திவிடக்கூடும். ஒரு பொய்யினால் நோயாளர் தம் கைகளையே இழக்க நேரலாம். மகளை வெளியே இருக்கச் சொல்லியேனும் உண்மையைக் கூறுங்கள். எந்த நாளில், எந்த மது, எத்தனை மில்லிலீற்றர் என்பதைக் கூறுங்கள். உங்கள் மருந்துக்கு அது பொருந்துமா என்பதை அவர் தீர்மானிக்கட்டும். குறித்த தவணையில் இரத்தப் பரிசோதனையையும் தவறவிடாதீர்கள். நோவால் உறக்கமின்றி, அதற்காகவே இரவில் அருந்துவதாயின் அதையும் ஒளிக்க வேண்டாம். மது தரும் உறக்கம் நடு இரவில் கலைந்துவிடும். நோவுக்கு வேறு வழி உண்டு.

இறுதியாக, விருந்து கொடுப்போரிடம் ஒரு விண்ணப்பம். நம் வீடுகளில் ஒருவர், "நான் இன்று விரதம்" என்று கூறினால் என்ன செய்கிறோம்? ஏன் என்று கேட்பதில்லை; ஒரு துண்டு மீன் உண்டால் என்ன என்று வற்புறுத்துவதில்லை; பிறர் முன்னிலையில் நகைப்பதுமில்லை. அவருக்கென வேறு உணவு வைக்கிறோம். "நான் மருந்து எடுக்கிறேன்" என்று ஒருவர் கூறும்பொழுதும் அதே மரியாதையைக் கொடுப்போமாக. ஓர் இளநீரை வெட்டி அவர் கையிற் கொடுங்கள். தடையின்றி மடங்கி அதைப் பற்றுகின்ற அந்த விரல்களுக்காக அவர் எத்தனை மாதம் மருந்துண்டு காத்திருந்தார் என்பது நமக்குத் தெரியாமலிருக்கலாம், அவருக்குத் தெரியும்.