காலே, சும்மா இரு!



விளையாட்டைப் பத்திப் பேசுய்யா என்று செயலாளர் சொல்லிவிட்டார். கிரிக்கெட் பேச இங்கே நிறையப் பேர் இருக்கீங்க. நான் ஒரு சைக்கிள் பந்தயக்காரரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் யென்ஸ் ஃபோக்ட். 1971-இல் கிழக்கு ஜெர்மனியில் பிறந்தவர். 2014-இல் ஓய்வு பெற்றார். நம்ம ஊரில் ரஜினி ஜோக் சொல்கிற மாதிரி, இவரைப் பற்றி இணையத்தில் ரசிகர்கள் கட்டிவிட்ட கதைகள் ஏராளம்.

அப்படி என்ன ஜெயிச்சார்? 'டூர் தெ பிரான்ஸ்' பந்தயத்தில் 17 முறை கலந்துகொண்டார். 2001-இல் ஒரு நாள், 2006-இல் ஒரு நாள், ஆக இரண்டே தினப் போட்டிகளில் முதலிடம். மொத்தப் பட்டத்துக்குப் பக்கத்தில்கூடப் போனதில்லை. அவருடைய வேலையே வேற. முன்னால் போய் எதிர்க்காற்றை வாங்கிக்கொண்டு, பின்னால் வருகிற தலைவனின் பலத்தைக் காப்பாற்றிக் கொடுப்பது. 2008-இல் கார்லோஸ் சாஸ்த்ரே பட்டம் வென்றாரே, அதற்கு மலைப்பாதையில் இழுத்துக் கொடுத்தவர்களில் இவரும் ஒருவர்.

கால் வலித்தால் என்ன செய்வார்? 'காலே, சும்மா இரு!' என்று அதட்டுவாராம். ரசிகர்கள் பிடித்துக்கொண்டது இந்த வார்த்தையைத்தான்.

2010-இல் நடந்ததைக் கேளுங்க. பிரனீஸ் மலை இறக்கத்தில் முன் டயர் வெடித்து விழுந்தார். உடம்பெல்லாம் சிராய்ப்பு, சைக்கிள் நொறுங்கிவிட்டது. குழுவின் கார்கள் முன்னே போய்விட்டன. பின்தங்கியவர்களை ஏற்றிக்கொள்ளும் வண்டி பக்கத்தில் வந்து நின்றது. ஏறமாட்டேன் என்றுவிட்டார்! கிடைத்தது சிறுவர்கள் ஓட்டும் மஞ்சள் சைக்கிள். பெடலும் பழைய மாடல். ஆறடிக்கு மேல் உயரமான மனுஷன், அதை மிதித்துக்கொண்டே போய், வழியில் தன் குழு விட்டுவைத்த சைக்கிளுக்கு மாறி, நேர வரம்புக்குள் சேர்ந்துவிட்டார். பாரிஸ் வரைக்கும் போனார்.

இன்னொன்றையும் சொல்லணும். 1997-இல் பட்டம் வென்ற யான் உல்ரிஹ் ஜெர்மனிக்கே செல்லப்பிள்ளை. ஊக்கமருந்து விவகாரத்தில் 2012-இல் விளையாட்டு நடுவர் மன்றம் அவரைக் குற்றவாளி என்றது. 2007-இல் ஊக்கமருந்துச் செய்தி கேட்டு ஜெர்மன் டி.வி. பந்தய ஒளிபரப்பையே பாதியில் நிறுத்தியது. ஃபோக்ட்டும் அதே காலத்து ஆள்தான். சோதனையில் சிக்கியதில்லை, தான் எடுக்கவில்லை என்றே சொல்லியிருக்கிறார். சந்தேகப்படுகிறவர்கள் உண்டு, அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஜெயித்தவர்களை நம்பி ஏமாந்த ரசிகர்கள், ஜெயிக்காத இவரைப் பிடித்துக்கொண்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

கடைசியாக ஒரு கணக்கு. 2014 செப்டம்பர் 18, 43 வயது முடிந்த மறுநாள், சுவிட்சர்லாந்தின் கிரென்ஹென் ஓடுதளத்தில் ஒரு மணி நேரத்தில் 51.110 கிலோமீட்டர் ஓட்டி உலக சாதனை. அதோடு ஓய்வு. ஆறே வாரத்தில் ஆஸ்திரியாக்காரர் ஒருவர் 51.852 ஓட்டி அதைத் தாண்டிவிட்டார்.