வரிமுடிவில் ஒரு வம்பு

விண்டோஸ் கணினியில் எழுதிய சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்றை லினக்ஸ் சர்வரில் ஓட்டினால், சில சமயம் முதல் வரியிலேயே கைவிரித்துவிடும். கோப்பைத் திறந்து பார்த்தால் எழுத்துப் பிழை ஒன்றும் இருக்காது. கோளாறு கண்ணுக்குத் தெரியாத இடத்தில், வரிமுடிவில் இருக்கிறது.

விண்டோஸ் ஒரு வரியை முடிக்க 13, 10 என்று இரண்டு பைட்டுகளைப் போடும். லினக்ஸுக்கு 10 மட்டும் போதும். அச்சுமுனையை இடது ஓரத்துக்குத் தள்ள ஒரு கட்டளை, தாளை ஒரு வரி ஏற்ற இன்னொன்று என்றிருந்த டெலிபிரிண்டர் காலத்து ஜோடிதான் அந்த 13, 10.

பலர் சேர்ந்து எழுதும் நிரலைக் காக்கும் மென்பொருள்கள் இந்த வேறுபாட்டைத் தாமே சரிசெய்ய முன்வந்தன. வம்பு வந்ததும் அதனால்தான். பழைய சிவிஎஸ், வேறு விதமாகச் சொல்லாதவரை எந்தக் கோப்பையும் உரை என்றே எடுத்துக்கொள்ளும். படத்தைச் சேர்க்கும்போது ‘கேபி’ என்ற குறியைக் கொடுக்க மறந்தால், விண்டோஸில் இறக்கும்போது படத்துக்குள் இருக்கும் 10 எல்லாம் 13, 10 ஆகிவிடும். அப்புறம் படம் எங்கே திறப்பது! இப்படிப்பட்ட சேதத்தை பிஎன்ஜி பட வடிவத்தை வகுத்தவர்கள் எதிர்பார்த்தே இருந்தார்கள். ஒவ்வொரு பிஎன்ஜி கோப்பும் 137, 80, 78, 71, 13, 10, 26, 10 என்றுதான் தொடங்கும். வரிமுடிவில் யார் கைவைத்தாலும் இந்த எட்டு பைட்டிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் கொஞ்சம் சூட்டிகையானது. முதல் 8000 பைட்டுகளுக்குள் சுழியம் பைட் தென்பட்டால் அது உரையல்ல என்று முடிவுகட்டும். யூகம் பெரும்பாலும் பலிக்கும். ஆனால் யுடிஎஃப்-16 முறையில் சேமித்த தமிழ்க் கட்டுரை இதில் மாட்டிக்கொள்ளும். தமிழ் எழுத்துகளில் அந்தச் சுழியம் இல்லை. சொற்களுக்கு நடுவே விடும் இடைவெளியில் இருக்கிறதே! எந்த வரி மாறியது என்று கேட்டால், கோப்பு மாறியிருக்கிறது என்பதோடு கிட் நிறுத்திக்கொள்ளும்.

யூகத்துக்கு விடாமல் இருக்க வழி உண்டு. திட்டத்தின் கோப்புறையில், பெயருக்கு முன் புள்ளி வைத்த ‘கிட்அட்ரிபியூட்ஸ்’ என்ற கோப்பு. ஷெல் ஸ்கிரிப்ட் எந்தக் கணினியிலும் 10 என்றே முடியட்டும், பிஎன்ஜியைத் தொடவே வேண்டாம் என்று வகைக்கொரு வரி எழுதினால் போதும். திட்டத்தை இறக்குகிற எல்லாருக்கும் அதுவும் சேர்ந்தே போகும். இதே வேலையைச் செய்யும் சப்வெர்ஷன் என்ற மென்பொருளில் இந்த விதிகளை அவரவர் கணினியில் தனித்தனியே வைக்க வேண்டியிருந்தது. 2013இல் வந்த 1.8 பதிப்புதான் அவற்றைப் பொதுக் களஞ்சியத்துக்குக் கொண்டுவந்தது.

இந்தக் கோப்பை முதல் நாளிலேயே வைத்துவிடுவது நல்லது. தாமதமாக வைத்தால் பழைய கோப்புகளின் வரிமுடிவுகளைப் புதிய விதிப்படி மாற்ற, அதாவது ‘ரீநார்மலைஸ்’ செய்ய வேண்டிவரும். அதைத் தனி கமிட்டாகப் போடுவது உத்தமம். இல்லாவிட்டால் வரிமுடிவு மாறிய ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவே, உண்மையில் திருத்திய மூன்று வரியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.