பிளஸ் ஒன்னில் சமூகவியல் எடுக்கலாமா?

(மே கடைசி ஞாயிறு கிளப் ஹவுஸில் நடந்த பெற்றோர் கூட்டத்தில், பி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற சமூகவியல் ஆசிரியை பேசியதன் எழுத்து வடிவம்.)

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததிலிருந்து லிஃப்டில் என்னைப் பார்க்கிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான். "மிஸ், பொண்ணு ஹ்யூமானிட்டீஸ் எடுக்கணும்ங்கறா, அதுலயும் சோஷியாலஜி வேணுமாம். அதைப் படிச்சு என்ன பண்றது?" தரைத்தளம் வருவதற்குள் பதில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால்தான் செயலாளர் இந்தக் கூட்டத்தைப் போட்டார்.

முதலில் நடைமுறை விஷயம். சி.பி.எஸ்.இ.யில் இது இரண்டு வருடப் பாடம். வருடத்துக்கு இரண்டு என்.சி.இ.ஆர்.டி. புத்தகம், மொத்தம் நாலு. எழுத்துத் தேர்வுக்கு 80 மதிப்பெண், புராஜெக்டுக்கு 20. எல்லாப் பள்ளியிலும் இந்தப் பாடம் கிடையாது. இருக்கிறது என்று சொல்லும் பள்ளியிலும் இதற்கென்று தனி ஆசிரியர் உண்டா, வேறு பாடத்து டீச்சரே சேர்த்துப் பார்க்கிறாரா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். சுமாரான டீச்சர் கையில் இது வெறும் விளக்கங்களை மனப்பாடம் செய்கிற பாடமாகிவிடும். அப்படிக் கெட்டுப்போன வகுப்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எஞ்சினியரிங், மருத்துவம் இரண்டுக்கும் இந்த வழியாகப் போக முடியாது. அது உங்களுக்கே தெரியும். பலர் கவனிக்காமல் விடுவது கணிதத்தை. தில்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் ஆனர்ஸ் படிக்கப் பிளஸ் டூவில் கணிதம் வேண்டும். சமூகவியலோடு கணிதத்தையும் சேர்த்துக் கொடுக்கிற பள்ளி கிடைத்தால், பிள்ளைக்கும் அதில் பயம் இல்லையென்றால், விட்டுவிடாதீர்கள். சட்டம் படிக்க கிளாட் எழுதுவதற்கு எந்த குரூப்பும் தடை இல்லை. சி.யு.இ.டி.யில் சமூகவியல் தனிப் பாடமாகவே இருக்கிறது. இங்கே சென்னையில் ஸ்டெல்லா மாரிஸில் பி.ஏ. உண்டு. சிவில் சர்வீஸ் மெயின் தேர்வில் விருப்பப் பாடமாக எடுத்தால் இரண்டு தாள், 500 மதிப்பெண். ஆனால் பதினாறு வயசுப் பிள்ளையை ஐ.ஏ.எஸ்.ஸுக்காகவே இந்தப் பாடத்தில் சேர்க்காதீர்கள். அது அந்தப் பிள்ளைக்கும் பாரம், பாடத்துக்கும் அநியாயம்.

சரி, உள்ளே என்னதான் இருக்கிறது? சி. ரைட் மில்ஸ் என்ற அமெரிக்கர் 1959-ல் எழுதிய புத்தகத்தில் இருக்கும் ஒரு யோசனையிலிருந்து நான் வகுப்பைத் தொடங்குவேன். ஒரு ஊரில் ஒரே ஒருத்தருக்கு வேலை இல்லையென்றால் அவருடைய திறமை, குணம் எல்லாவற்றையும் பார்க்கலாம். கோடிக்கணக்கான பேருக்கு வேலை இல்லையென்றால், ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டு "நீ ஏன் ஒழுங்காகத் தேடவில்லை" என்று கேட்பதில் அர்த்தம் இல்லை. நம் வீட்டிலிருந்தே ஒரு உதாரணம். 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளம் இல்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் அதற்குச் செலவிடுகிறார்கள். நம் வீட்டுச் சண்டை நம் வீட்டுச் சண்டை மட்டும் இல்லை என்பது அங்கே தெரிகிறது. (பின்வரிசையில் கைதட்டுகிற பெண்களுக்கு நன்றி.)

இந்தியச் சமூகவியலில் எனக்குப் பிடித்த கதைகள் மூன்று. எல்.கே. அனந்தகிருஷ்ண ஐயர் குமாஸ்தாவாக இருந்து ஆசிரியரானவர். 1902-ல் கொச்சி திவான் கேட்டுக்கொண்டதால் மக்கள் இனங்களைப் பற்றிய கணக்கெடுப்பில் இறங்கினார். வாரநாளில் கல்லூரியில் பாடம், வார இறுதியில் சம்பளம் இல்லாமல் இந்த வேலை. மைசூர்க்காரர் எம்.என். சீனிவாஸ், ராம்புரா என்ற கிராமத்தில் 1948-ல் தங்கி எழுதிய குறிப்புகளை வருடக்கணக்காக ஒழுங்குபடுத்தி வைத்திருந்தார். 1970-ல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் அவர் இருந்த ஆய்வு மையத்தில் யாரோ வைத்த தீயில் அவை எரிந்துபோயின. மனசில் நின்றதை வைத்தே அந்தக் கிராமத்தைப் பற்றிய புத்தகத்தை எழுதி 1976-ல் வெளியிட்டார்.

மூன்றாமவர் ஆந்த்ரே பெத்தேய். 1960-களின் தொடக்கத்தில் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்தார். புத்தகத்தில் அதற்கு ஸ்ரீபுரம் என்று புனைபெயர். அவர் தங்கியது அக்கிரகாரத்தில். அதனால் ஊரார் அவரை அந்தத் தெருக்காரராகவே பார்த்தார்கள். சேரிக்குள் இயல்பாகப் போய்வர முடியவில்லை. அதை அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. நம் குடியிருப்பில் பிளஸ் டூ போகிற இரண்டு பிள்ளைகள், புராஜெக்டுக்காக இங்கே வேலை செய்கிறவர்களிடம் கேள்வி கேட்க சங்கத்திடம் அனுமதி கேட்டிருக்கிறார்கள். செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், வீட்டு வேலைக்கு வரும் பெண்கள். எங்கிருந்து வருகிறார்கள், எத்தனை பஸ் மாறுகிறார்கள், மத்தியானம் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், எந்தக் கழிப்பறைக்குப் போகிறார்கள், எந்த லிஃப்டில் ஏறுகிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றி இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். "நம்ம பேரைக் கெடுத்துடும்" என்றார் ஒருத்தர். "சம்பளம் கேட்கச் சொல்லிக்கொடுப்பாங்க" என்றார் இன்னொருத்தர்.

இரண்டு கவலையும் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தப் பிள்ளைகள் ஒன்பதாவது மாடியில் வளர்ந்தவர்கள். தாங்கள் எங்கே இருந்து பார்க்கிறோம் என்று தெரிந்துகொள்ள வெளியூர் போக வேண்டாம், சர்வீஸ் லிஃப்டுக்கு எதிரில் நின்றாலே போதும். பதில்கள் நமக்குச் சங்கடமாக இருந்தால், அந்தச் சங்கடம் பிள்ளைகள் கேட்டதால் வந்ததில்லை, ஏற்கெனவே இங்கே இருந்ததுதான்.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வேலை கொடுக்கிற வீட்டுப் பிள்ளை வந்து கேட்டால் அந்தப் பெண்மணி "முடியாது" என்று எப்படிச் சொல்வார்? அதனால் சில விதிகளை எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். தன் வீட்டில் வேலை செய்பவரிடம் எந்தப் பிள்ளையும் கேட்கக் கூடாது. விருப்பம் இல்லையென்றால் காரணம் கேட்காமல் விட்டுவிட வேண்டும். பெயர், பிளாட் எண் எழுதக் கூடாது. சம்பளக் கேள்வி வேண்டாம். அதற்குப் பயந்து இல்லை, இருபது மதிப்பெண் புராஜெக்டுக்கு அது தேவையில்லை. வேலை நேரத்தில் பேசினால் அந்தப் பத்து நிமிடத்தை யாரும் பிடித்துக்கொள்ளக் கூடாது. எழுதி முடித்ததும், பதில் சொன்னவர்களுக்குத் தமிழில் படித்துக் காட்ட வேண்டும்.

செயற்குழு வரும் சனிக்கிழமை முடிவெடுக்கிறது. ஆட்சேபம் இருக்கிறவர்கள் தயவுசெய்து அதற்கு முன் என்னிடம் வந்து பேசுங்கள், குழுவில் எழுத வேண்டாம். என் வீட்டில் சமைக்கும் அம்மாவிடம் கேட்டேன். மூன்று மணிக்கு மேல் என்றால் சரி, ஆனால் உட்கார நாற்காலி போடச் சொல்லுங்கள் என்றார்.

நாலு பாடப் புத்தகங்களையும் கிளப் ஹவுஸ் நூலகத்தில் வைத்திருக்கிறேன். பிள்ளை சேருவதற்கு முன் நீங்கள் ஒரு அத்தியாயம் புரட்டிப் பாருங்கள். இப்போது கேள்விகளுக்கு வரலாம்.