கதவைத் திறந்தால் மட்டும் போதுமா?

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஸ்டோரில் பாலை அளக்கும்போது, தண்ணீர் எவ்வளவு, ரப்பர் எவ்வளவு என்று சோதிக்கிறோம். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிகளும் "நாங்கள் எல்லோருக்கும் பொது" என்று முழங்குகின்றன. அந்தப் பேச்சையும் நாம் சோதிக்க வேண்டாமா? அதற்கு நம் நாட்டின் பழைய சம்பவம் ஒன்று துணைசெய்யும்.

1946-ல் அம்னோவை அமைத்தவர் டத்தோ ஓன் பின் ஜாபர். பிறகு அவரே, அம்னோவின் கதவை மற்ற இனத்தாருக்கும் திறந்துவிட வேண்டும் என்றார். கட்சியினர் இணங்கவில்லை. 1951-ல் அவர் வெளியேறி, மலாயா சுதந்திரக் கட்சியைத் தொடங்கினார். மலாய்க்காரர், சீனர், இந்தியர் யாரும் அதில் சேரலாம். ம.இ.கா.வும் அந்நாளில் அதற்கே கைகொடுத்தது.

கொள்கை உயர்ந்ததுதான். ஆனால் 1952 பிப்ரவரியில் நடந்த கோலாலம்பூர் நகரசபைத் தேர்தலில் அக்கட்சிக்கு 12 இடங்களில் 2 மட்டுமே கிடைத்தன. அம்னோவும் மலாயா சீனர் சங்கமும் கைகோத்து 9 இடங்களைப் பிடித்தன.

காரணம் என்ன? சுதந்திரக் கட்சியில் படித்தவர்களும் பெரிய மனிதர்களும் இருந்தார்கள். வீடு வீடாக ஏறி இறங்கும் ஊழியர்கள் போதவில்லை. எதிர் அணிக்கோ கம்பத்திலும் கடைத்தெருவிலும் ஆட்கள் இருந்தார்கள். கதவு திறந்திருந்தது, உள்ளே வா என்று அழைக்கப் போவாரில்லை!

1954-ல் ஓன் அவர்கள் பார்ட்டி நெகாராவை அமைத்தார். இம்முறை மலாய் வாக்குகளையே பெரிதும் நாடினார். 1955 தேர்தலில் வாக்காளர்களில் 100-க்குச் சுமார் 84 பேர் மலாய்க்காரர். கணக்கு சரி; பலன் பூஜ்யம்! 52 இடங்களில் கூட்டணி 51-ஐ வென்றது; நெகாராவுக்கு ஒன்றும் இல்லை. ஓன் அவர்களே தோற்றார். கூட்டணி நிறுத்தியவர்களில் 17 பேர் மலாய்க்காரரல்லாதவர். மலாய் வாக்குகள் இல்லாமல் அவர்கள் வென்றிருக்க முடியுமா? நேற்று எல்லோருக்கும் பொது, இன்று ஒரு சாராருக்கு மட்டும் என்றால் இரு சாராரும் நம்பமாட்டார்கள்.

கூட்டணியும் குறையற்றதல்ல. அது இனவாரியாகப் பங்கு பிரித்த ஏற்பாடு. அந்தப் பங்கில் தோட்டத் தொழிலாளிக்கு என்ன கிடைத்தது? 1955-ல் இந்திய வாக்காளர் 100-க்கு 5 பேர்கூட இல்லை. பால்மரம் வெட்டிய நம் முன்னோரில் பெரும்பாலோருக்குக் குடியுரிமை இல்லை. வாக்கு இல்லாதவன் லயத்துக்கு எந்தக் கட்சி வரும்?

அதே 1954-ல் தனித்தனியாக நின்ற தோட்டச் சங்கங்கள் ஒன்றுகூடி, தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கத்தை அமைத்தன. பெயரை மாற்றியதால் அது வளரவில்லை. பிரட்டுக் களத்தில் நின்று, சந்தா வாங்கி, சம்பளத்துக்காக வாதாடியதால் வளர்ந்தது. மக்களிடம் செல்வது என்றால் இதுதான்!

தோழர்களே! 2021 டிசம்பர் முதல், 18 வயது நிறைந்த குடிமக்கள் தாமாகவே வாக்காளர் பட்டியலில் சேர்கிறார்கள். நம் பிள்ளைகளின் வாக்கைத் தேடி எல்லோரும் வருவார்கள். வருகிறவர்களிடம் நாம் கேட்க வேண்டியவை மூன்று. தேர்தல் இல்லாத நாளில் இங்கே வந்தீர்களா? உங்கள் செயற்குழுவில் எங்கள் தொழிலாளி ஒருவர் உண்டா? பிறப்புப் பத்திரமும் அடையாளக் கார்டும் இல்லாமல் இன்னும் தவிக்கும் எங்கள் மக்களுக்காக எந்த அலுவலகப் படி ஏறினீர்கள்?

பதில் சொல்ல முடிந்தால் அது ரப்பர். முடியாவிட்டால் வெறும் தண்ணீர்!

வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!