காணாமற்போனோர் வீட்டில் உளச்சிகிச்சையாளர்



முல்லைத்தீவு மாவட்டத்திலே, முல்லியவளையை அடுத்துத் தண்ணீரூற்று என்னும் ஊர் இருக்கின்றது. நிலத்தினின்று தானே சுரக்கும் நீரால் அப்பெயர் பெற்ற ஊர். ஊற்றங்கரைப் பிள்ளையார் கோயில் கொண்டுள்ள ஊர். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழ்ந்தனர். 1990 ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடபகுதி முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது இவ்வூர் முஸ்லிம்களும் வீடு வாசல் இழந்தனர். 2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை அண்மைக் கரையை அழித்தது. பின்னர்ப் போர் நெருங்கிவர, எஞ்சியோரும் இடம்பெயர்ந்தனர். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. செட்டிகுளம் முகாம்களிலிருந்து மக்கள் ஊர் திரும்பினர்; ஆனால் போனவர் எல்லாரும் திரும்பி வந்திலர்.

இத்தகைய ஊருக்கு வரும் உளச்சிகிச்சையாளரின் கடமை யாது என்பதே இன்றைய பேச்சு. உளமருத்துவர் மருந்து கொடுப்பவர். உளச்சிகிச்சையாளரோ சொல்லாலும் செவியாலும் தொழில் செய்பவர். ஆதலின் அவர் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லலாகாது என்பது பெருங் கேள்வியாகின்றது.

ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். மகனைக் கடைசியாகக் கண்டது 2009 இல். உடலும் கிடைக்கவில்லை, செய்தியும் கிடைக்கவில்லை. இறந்தான் எனின் அந்தியேட்டி செய்ய வேண்டும். இருக்கின்றான் எனின் அவன் பெயருக்கு அருச்சனை செய்ய வேண்டும். எதனைச் செய்வாள்? அவன் மணமானவனாயின், மருமகள் நெற்றியிற் பொட்டு இடலாமா என்பதும் வீட்டுக்குள்ளே தீராத வழக்காகிவிடும். சாத்திரியார் சாதகத்தைப் பார்த்து, ‘உயிரோடு இருக்கின்றான்’ என்பார். அலுவலகத்திலே மரணச் சான்றிதழுக்கு எழுதித் தரும்படி கேட்பர். இருவரும் அவளுக்கு ஒரு விடையைத் தருகின்றனர். உளச்சிகிச்சையாளர் விடை தரலாகாது. ‘என் பிள்ளை இருக்கின்றானா, தம்பி?’ என்று அவள் கேட்கும்போது, தமக்குத் தெரியாது என்று கூறி, தெரியாமையின் பாரத்தை அவளோடு சேர்ந்து தாங்கியிருத்தலே அவர் வேலை. சொல்வது எளிது, பயின்றவருக்கும் இது கடினமே. ஆறுதலாக ஏதேனும் சொல்லிவிட்டு எழுந்து போகவே மனம் தூண்டும்.

அமெரிக்க அறிஞர் போலின் பொஸ் என்னும் அம்மையார், வியட்நாம் போரிற் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்தார். இருக்கின்றார் என்றோ இறந்தார் என்றோ துணிய முடியாத இழப்புக்குத் தனியியல்பு உண்டு என்று அவர் விளக்கினார். அக்குடும்பத்தாரின் மனத் தத்தளிப்பு அவர்களது மனத்தின் குற்றமன்று; நிலைமையின் குற்றம். ‘மறந்து விடுங்கள்’ என்பதும், ‘முடிவு கட்டுங்கள்’ என்பதும் அவர்களுக்குக் கொடுமையே. நம் நாட்டுச் சட்டமும் காலந் தாழ்த்தியேனும் இந்த நடுநிலையை ஒப்புக்கொண்டது. இறந்தார் என்னாது, காணப்படவில்லை என்று மட்டுமே கூறும் சான்றிதழுக்கு 2016 ஆம் ஆண்டில் இடமளிக்கப்பட்டது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக விளங்கிய தயா சோமசுந்தரம் அவர்கள், தனிமனிதர் மட்டுமன்றிக் குடும்பமும் ஊருமே புண்பட்டதைக் கூட்டு மனவடு என்று எடுத்துரைத்தார். ஆகவே நாற்காலியில் இருவர் எதிரெதிரே அமர்ந்து பேசுவது மட்டும் இங்கே போதாது. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்குக் கூடும் கூட்டமும், ஒப்பாரியும், பள்ளிவாசலில் ஒன்றுகூடித் தொழுவதும் மனத்தைத் தாங்கும் தூண்களே. சிகிச்சையாளர் அவற்றை மூடநம்பிக்கை என்று தள்ளுவாராயின் தம் துணைகளைத் தாமே இழப்பார். அங்கே பெருமிதத்துக்கு இடமில்லை. மற்றொன்று: ஓர் இனத்தார் துயரத்துக்கு மட்டும் செவி கொடுப்பவர் உளச்சிகிச்சையாளர் ஆகார். 1990 இல் வெளியேற்றப்பட்டவரின் கதையும் 2009 இல் தப்பியவரின் கதையும் ஒரே ஒழுங்கையில் இருக்கின்றன.

இனி இரகசியம். நகரத்தில் இரகசியம் காப்பது பெரிதன்று. சிற்றூரிலோ, எவர் வீட்டு வாசலிற் சைக்கிள் நின்றது என்பதே மாலைக்குள் ஊர்க்கதையாகும். போர்க்காலத்தில் வாய் திறந்தமையால் உயிரிழந்தோர் உண்டு; அந்த அச்சம் இன்னும் அகலவில்லை. எனவே குறிப்பேட்டில் எதை எழுதுவது, அதை எங்கே பூட்டி வைப்பது, அதனை யார் கேட்டாலும் கொடுக்கலாமா என்பனவெல்லாம் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட வேண்டும். உயிருக்கு ஆபத்து நேருமாயின், அல்லது குழந்தைக்குத் தீங்கு நேருமாயின், இரகசியத்தைக் கடக்க நேரும் என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சொல்ல விரும்பாதவரைத் தோண்டிக் கேட்பதும் தவறு. ஆறாத புண்ணைக் கிளறுவது சிகிச்சையன்று. உறக்கமே இழந்தவரையும், உயிரை மாய்க்க எண்ணுபவரையும் தம்மிடமே வைத்துக்கொள்ளாது வைத்தியசாலைக்கு அனுப்பவும் அவர் அறிந்திருத்தல் வேண்டும்.

இவ்வளவு கதைகளையும் கேட்பவரின் மனமும் மனமே. மூத்த சிகிச்சையாளர் ஒருவரிடம் காலந்தோறும் தம் வேலையைப் பேசிக்கொள்ளாதவர் நாளடைவிற் கல்லாவார், அல்லது உடைவார்.

இறுதியாக, சிறிய செய்திபோற் தோன்றும் ஒன்று. நிறுவனங்களின் பணம் தீர்ந்ததும், இடமாற்றக் கடிதம் வந்ததும், சிகிச்சையாளர் சொல்லாமற் போய்விடுவதுண்டு. விடைபெறாமற் போன ஒருவருக்காகவே ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கும் தாய், அடுத்த செவ்வாய்க்கிழமையும் வந்து பூட்டிய கதவைக் காண்கின்றாள். போகும் நாளைப் பல வாரங்களுக்கு முன்னரே அவளுக்குச் சொல்லி, பின் வருபவரை நேரிலே அறிமுகம் செய்துவைத்து, அதன்பின் விடைபெறுவதும் அவர் கடமையே.